நர்சம்மா போன பின் போட்ட புகை

இன்றைக்கும் எங்காவது சாம்பிராணி மணந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பக்தி வருவதில்லை.

வெள்ளைக்காரன் காலம். அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டில் எனக்கு மூச்சிழுப்பு நோய். எனக்கு முன் பிறந்த அண்ணனை அதே இழுப்பு கொண்டுபோயிருந்தது. மிஞ்சிய பெண்பிள்ளையாவது தங்கட்டும் என்று அப்பா, ராயப்பன்பட்டிப் பக்கம் வீடுவீடாகப் போய் வைத்தியம் பார்த்துவந்த நர்சம்மாவைக் கூட்டிவந்தார். அதன்பின் அவர் வாரந்தோறும் வெயிலில் நடந்தே வருவார். என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார், மாத்திரை கொடுப்பார், ஜன்னலைத் திறந்துவைப்பார். பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல மூச்சுவிடச் சொல்லித்தருவார். எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை.

அவர் வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவர். ஆனால் பிறந்தது ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த தெருவில். அது எங்கள் வீட்டுக்குத் தெரியும். அவர் தலை மறைந்ததும் என் அத்தை, அப்பாவின் அக்கா, வீடு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். கதவு ஜன்னலை அடைத்து, தணலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டு மூலைமுடுக்கெல்லாம் காட்டுவாள். நான் படுத்திருக்கும் பாயையும் விடமாட்டாள். பொழுது சாய்வதற்குள் எனக்கு இழுக்கத் தொடங்கும்.

“பாத்தியாடா தம்பி, அவ வந்துட்டுப் போனாலே பிள்ளைக்கு இழுக்குது. அவ காலடி சரியில்ல,” என்பாள். அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார். புத்தி கெட்ட கூட்டம்!

நர்சம்மா குழம்பிப்போய்க் கேட்பார். “ஆத்தா, வீட்டுக்குள்ள புகை கிகை போடுறீகளா? இந்தப் பிள்ளைக்குப் புகை ஆகவே ஆகாது.”

“இங்கன யாரு புகை போடுறா? அதெல்லாம் ஒண்ணுமில்ல நர்சம்மா,” என்பாள் அத்தை.

போட்டோம் என்றால் எதற்கென்று சொல்லவேண்டுமே. அதைச் சொல்ல வாய் வரவில்லை, செய்ய மட்டும் கை வந்தது. பிள்ளை செத்தாலும் பரவாயில்லை, முகத்துக்கு நேரே மரியாதை கெட்டுவிடக் கூடாது.

ஒருநாள் குடையை மறந்துவிட்டுப் போனவர் பாதி வழியில் திரும்பி வந்தார். வாசல் ஈரமாக இருந்தது. நடுவீட்டில் தூபக்காலும் கையுமாக அத்தை நின்றாள். புகைக்குள் நான் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தேன். நர்சம்மா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

“பிள்ளைய வெளிய தூக்கிட்டு வாங்க,” என்றார் அப்பாவிடம். வேப்பமரத்தடியில் இழுப்பு அடங்கும்வரை என் முதுகைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, குடையை வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகும் வாரந்தோறும் வந்தார். ஆனால் படி ஏறவில்லை. வேப்பமரத்தடிக்கு என்னை வரச்சொல்லி அங்கேயே பார்த்தார். கழுவ வேலை இல்லாமல் போனது, தூபக்கால் பரணுக்கு ஏறியது, எனக்கு இழுப்பும் குறைந்தது. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. “நான் அப்பவே சொல்லல? அவ படி ஏறல, பிள்ளை நல்லா இருக்கா பாரு!”

எனக்கோ நர்சம்மா மேல்தான் ஆத்திரம். என் பாயில் வந்து உட்காருவதை விட்டுவிட்டாரே! ஒரு தடவை அவர் சேலையைப் பிடித்து இழுத்துக் கேட்டேவிட்டேன்.

“ஏன் உள்ள வரமாட்டேங்குறீக? எம்மேல கோவமா?”

அவர் குனிந்து என் தலையைத் தடவினார். “நான் உள்ள வந்தா ஒனக்கு மூச்சு முட்டும் தாயி. நீ நல்லா இழுத்து விடு.”

அத்தை சொன்னது சரிதான் போலிருக்கிறது, இவரே ஒத்துக்கொள்கிறாரே என்று நினைத்துக்கொண்டு, நான் நன்றாக மூச்சை இழுத்து விட்டேன்.