ஆகட்டும் ராஜனும் கன்னிமூலை ஷீட்டும்

கோம்பை என்றதும் எல்லாருக்கும் நாய்தான் ஞாபகம் வரும். எதிரே நிற்பது எலியா சிறுத்தையா என்று கணக்குப் பார்க்காமல் பாய்கிற சாதி. அதே ஊரில் பிறந்து அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்த சுருளிராஜன், ஐம்பத்திரண்டு வயதாகியும் ஒரு மனுசரைப் பார்த்துக்கூட 'முடியாது' என்று சொன்னதில்லை. தண்ணீரில் குற்றமில்லை, நாய் குடித்த பக்கம் இவர் குடிக்கவில்லை போலிருக்கிறது.

இருபத்தாறு வருசமாகத் தகர ஷீட்டில் கூரை போடுகிறார். மோட்டார் ரூம், மாட்டுக் கொட்டம், மொட்டைமாடி ஷெட் என்று பள்ளத்தாக்கு முழுக்க அவர் கைவேலை வெயிலில் மின்னும். போர்டில் 'சுருளி ரூஃபிங் ஒர்க்ஸ்' என்று எழுதியிருக்கும். ஊரில் அவர் பெயர் ஆகட்டும் ராஜன். யார் என்ன கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் வரும்.

கோம்பைக்கு மேற்கே ஒருத்தர் மாட்டுக் கொட்டம் போடக் கூப்பிட்டார். இடத்துக்கு நட்டநடுவில் ஒரு தென்னை. வெட்ட மனசில்லை, மரமும் இருக்க வேண்டும் கொட்டமும் இருக்க வேண்டும் என்றார். ஆகட்டும் என்று ஷீட்டில் வட்டமாக ஓட்டை வெட்டி, மரத்தின் கழுத்துக்கு ரப்பரில் காலர் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தார் சுருளிராஜன். ஆடிக் காற்றில் மரம் ஆடியது, மரத்தோடு கொட்டமும் ஆடியது. மாடுகள் இரண்டு நாள் பால் கொடுக்கவில்லை. டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் இன்றைக்கும் ஜன்னல் வழியே கை நீட்டிக் காட்டுகிறார்கள்.

உத்தமபாளையத்தில் அண்ணன் தம்பி சேர்ந்து நடத்துகிற சலூன் ஒன்று. கூரைத் தண்ணீர் என் பக்கம் விழக்கூடாது என்று அண்ணன் தனியாக வந்து சொன்னார். ஆகட்டும். தம்பியும் தனியாக வந்து அதையே சொன்னார். ஆகட்டும். கடைசியில் கூரை இரண்டு பக்கமிருந்தும் நடுவே சரிந்தது. மழை நாளில் அங்கே ஷேவிங்குக்கு உட்காருகிறவர் முகத்தில் யாரும் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை.

இவ்வளவு கேலிக்கும் நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனி பிறந்தால் மேற்கே மலை இடுக்கு வழியாகக் கேரளத்துக் காற்று இறங்கும். நின்ற ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். அந்தக் காற்றில் அவர் பூட்டிய ஷீட் ஒன்றுகூட இதுவரை பறந்ததில்லை. வேலை முடிந்ததும் உச்சி வெயிலில் ஷட்டரை இறக்கி, சந்துபொந்தெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி, இருட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பார். கூரையில் ஊசி போகிற ஓட்டை இருந்தாலும் வெயில் அதில் வெள்ளிப் புள்ளியாகத் தெரியும். 'நட்சத்திரம் பார்க்கிறது' என்று அதற்குப் பெயர். கடைசி நட்சத்திரம் மறைகிற வரை நாற்காலியை விட்டு எழ மாட்டார்.

இப்படிச் சின்னச் சின்னக் கூரையாகப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு இந்த வருசம் ஒரு பெரிய வேலை வந்தது. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சோணையம்மாள், பழம் பெட்டி போடுகிற ஷெட் ஒன்று கட்டினார். நூற்றைம்பது அடி நீளம், அறுபது அடி அகலம். அதை வாடகைக்கு எடுக்கப்போகிற பழக் கம்பெனி, மேற்பார்வைக்கு யுவராணி என்ற இன்ஜினியரை அனுப்பியது. கூரை சுத்தமாக அமைந்தால் ராயப்பன்பட்டிப் பக்கம் இன்னும் மூன்று ஷெட் இவருக்கே என்று கம்பெனி சொல்லியிருந்தது. ஒழுகினால் வேறு ஆள்.

அந்த மூன்று ஷெட்டைவிட அதற்குப் பின்னால் நின்ற ஆள்தான் சுருளிராஜனுக்குப் பெரிசு. மனைவி முனீஸ்வரியின் தம்பி பாண்டீஸ்வரன், பதினெட்டு வருசமாக அவருடைய வலது கை. மழைக்காலம் முழுக்க வேலையில்லாமல் கிடப்பது அலுத்துப்போய், கட்டப்பனையில் ஒரு மலையாளத்து முதலாளியிடம் குடும்பத்தோடு போய்விடலாம் என்றிருந்தான். நிரந்தரமான வேலை ஏதாவது வந்தால் இருக்கிறேன், இல்லையென்றால் ஆவணியில் கிளம்புகிறேன் என்று மச்சானிடம் சொன்னான். சுருளிராஜன் அதற்கும் ஆகட்டும் என்றார். அன்றைக்கு மத்தியானம் வைத்த சோறு தட்டில் அப்படியே இருந்தது. வயிறு சரியில்லை என்றார். முனீஸ்வரி நம்பவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை.

யுவராணி வந்த முதல் நாளே ஒரு கேள்வி கேட்டாள். தென்னை மரக் கொட்டம் அவர் போட்டதுதானா என்று. சுருளிராஜன் ரொம்ப நேரம் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் வேலையைப் பேசினாள். காற்று மேற்கேயிருந்து வருவதால் கிழக்குக் கோடியில் ஷீட் போட ஆரம்பித்து மேற்கே வர வேண்டும், அப்போதுதான் ஒன்றின் மேல் ஒன்று படிகிற வாய் கிழக்கே பார்க்கும், காற்று நுழைந்து தூக்காது. இருபத்தாறு வருசமாக அவர் செய்கிறதைத்தான் சொன்னாள். முழு மனசோடு ஆகட்டும் என்றார்.

மறுநாள் சோணையம்மாள் கூப்பிட்டு அனுப்பினார். முதல் ஷீட் தென்மேற்கே, கன்னி மூலையில் விழ வேண்டும். மஞ்சள் குங்குமம் வைத்துப் போட்டதை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. பழைய ஷெட்டின் கூரையை ஒரு ஆடியில் காற்று அந்த மூலையிலிருந்துதான் உரித்துக்கொண்டு போய்ப் பக்கத்து வாழைத் தோட்டத்தில் போட்டதாம். அந்த மூலை கெட்டியாக இருந்தால்தான் ராத்திரி தனக்குக் கண் மூடும் என்றார். சொல்லும்போது அவர் குரல் லேசாக உள்ளே போனது. சுருளிராஜன் வாயிலிருந்து அது வந்தேவிட்டது. ஆகட்டும்க்கா.

பாண்டீஸ்வரன் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"அந்தப் பிள்ளைக்குக் கெழக்கயிருந்து, இந்தம்மாவுக்கு மேக்கயிருந்து. நடுவுல என்ன மச்சான், மாலை மாத்திக் கல்யாணமா பண்ணி வைக்கப் போறீக?"

விசயம் முனீஸ்வரி காதுக்குப் போனது. அடுப்படியில் கரண்டியோடு நின்று, "நான்தான் சோணையம்மா. சொல்லுங்க பாப்போம்" என்றாள். அவர் "அக்கா, அது வந்து" என்று ஆரம்பித்தார். அது வந்து வேண்டாம், நேராகச் சொல்லுங்க என்று கரண்டியை ஆட்டினாள். நாலாவது தடவை 'முடியா' வரை வந்துவிட்டார். மிச்சம் ஒரு எழுத்து தொண்டையிலேயே தங்கிவிட்டது. மறுநாள் காலையில் சின்னதாக ஆரம்பிப்போம் என்று, வாசலுக்கு வந்த காய்கறிக்காரி சுப்புத்தாயிடம் முருங்கைக்காய் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. பன்னிரண்டு காய் வாங்கினார். மூன்று நாள் அந்த வீட்டில் முருங்கைக்காய் சாம்பார்.

சாம்பாரில் கிடந்த காயைச் சப்பிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு வழி தெரிந்தது. முதல் ஷீட்டைக் கன்னி மூலையிலேயே போடுவது. ஆனால் மேற்கு ஓரத்தை மட்டும் பூட்டி, கிழக்கு ஓரத்தைத் திறந்து வைப்பது. அப்புறம் கிழக்குக் கோடிக்குப் போய் அங்கிருந்து வரிசையாக வந்து, கடைசி ஷீட்டை அந்த முதல் ஷீட்டுக்கு அடியில் செருகிவிட்டால், வாய் எல்லாமே கிழக்கே பார்க்கும். சோணையம்மாளிடம், மூத்தது மேலே உட்காரட்டும் மற்றதெல்லாம் அதற்குக் கீழே வந்து சேரட்டும் என்றார். அந்தம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. யுவராணி தாளில் படம் போட்டுப் பார்த்து, செருகும்போது சரியாக உட்காருமா என்று மட்டும் கேட்டாள். ஆகட்டும் என்றார். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

வைகாசி கடைசியில் பூஜை. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, முதல் ஸ்க்ரூவை நானே அடிக்கிறேன் என்று சோணையம்மாள் சொல்கிற வரை. திராட்சைப் பந்தலுக்குத் தன் கையாலேயே கல் ஊன்றிய பெண்பிள்ளை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறியே விட்டார். ட்ரில்லைக் கையில் கொடுக்காதீர்கள் என்று பாண்டீஸ்வரன் கண்ணால் கெஞ்சினான். மச்சான் கொடுத்தார். முதல் குத்து வழுக்கிக்கொண்டு போனது, இரண்டாவது குத்தில் ஸ்க்ரூ ஏறி உட்கார்ந்தது. கீழே குலவை கேட்டது. அந்தம்மா மனசு நிறைந்து, அந்த இடத்தில் ஒரு கை சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்துவிட்டு இறங்கினார்.

அதற்குப் பின்னால் ஒன்பது நாள் வேலை. ஷீட்டுக்கு மேடும் பள்ளமும் உண்டு. ஒன்றின் மேடு அடுத்ததன் மேட்டில் கச்சிதமாக உட்கார்ந்தால்தான் தண்ணீர் நிற்காமல் ஓடும். ஒரு சரிவுக்கு நாற்பத்தாறு ஷீட். ஒவ்வொன்றும் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தள்ளிப் போனால்கூட கடைசியில் ஆறங்குலம் தப்பும். சாதாரணமாக அந்த ஆறங்குலத்தை ஓரத்தில் வெட்டி எறிந்துவிடலாம். இங்கே ஓரத்தில் மூத்தவர் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருக்கிறாரே. அதனால் அஞ்சு ஷீட்டுக்கு ஒரு தடவை கயிறு பிடித்து அளந்தார்கள். சுருளிராஜனுக்கு இப்போது உடம்பு கனம், ஏணி அவரைக் கண்டாலே முனகும். கீழே நின்றே அரை நூல் அங்கன தட்டு, இங்கன இழு என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. நாற்பத்தஞ்சாவது ஷீட் மூத்ததுக்கு அடியில் போனபோது மேடும் மேடும் விரல் கனம் தப்பி நின்றன. ஏழு ஷீட்டைத் தளர்த்தி, ஒவ்வொன்றையும் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி மறுபடி பூட்டினார்கள். அடுத்த தடவை செருகியபோது டொக் என்று ஒரு சத்தம். அதைக் கேட்டுப் பாண்டீஸ்வரன் கூரை மேலேயே மல்லாந்து படுத்துவிட்டான்.

ஆனி பிறந்து காற்றும் எழுந்தது. கூரை அசையவில்லை. நட்சத்திரம் பார்க்கிற நாளில் யுவராணி ஃபைலோடு வந்தாள். சோணையம்மாள் தன் கையால் நாலு நாற்காலி போட்டார். உச்சிப் பொழுதில் ஷட்டரை இறக்கினார்கள். கன்னங்கரேல் என்று இருட்டு. கண் பழகக் கால்மணி நேரம் ஆனது. வெளியே காற்று தகரத்தில் கையை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு தெரிந்தது. தென்மேற்கு மூலையில், ஒரே ஒரு வெள்ளிப் புள்ளி.

மூத்த ஷீட்டில் எங்கேயிருந்து ஓட்டை வந்தது என்று ஓடிய சுருளிராஜனின் நினைப்பு, சாரத்தில் நின்ற அந்தம்மாவின் கையில் வழுக்கிய முதல் குத்தில் போய் முட்டியது. அது துளைத்த ஓட்டையை இத்தனை நாளும் சந்தனம் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. வெயிலில் காய்ந்து காற்றில் உதிர்ந்துவிட்டது. யாருடையது என்று யுவராணி கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவள் வாயைத் திறக்கும் முன்னே, அது என் கைத்தவறு மேடம் என்றார்.

சோணையம்மாள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "இல்லத்தா, அது நான் போட்டது" என்றார் யுவராணியிடம். குரலில் வெட்கமும் பெருமையும் கலந்திருந்தன. பிறகு சுருளிராஜன் பக்கம் திரும்பினார். "பாக்க எம்புட்டு அழகா இருக்கு. கன்னி மூலையில வெளக்கேத்துன மாதிரி. அது ஒண்ணு மட்டும் அப்படியே கெடக்கட்டும் தம்பி."

இருட்டில் யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பாண்டீஸ்வரன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது சுருளிராஜனுக்குத் தெரிந்தது. அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆ என்று வாயும் திறந்துவிட்டது. அந்தத் திறந்த வாயில் பதினெட்டு வருசம் வந்து நின்றது. கட்டப்பனை பஸ் வந்து நின்றது.

"முடியாதுக்கா" என்றார்.

பேசியது தான்தானா என்று அவரே ஒருமுறை சந்தேகப்பட்டார். பிறகு, ஆரம்பித்ததை முடித்துவிடுவோம் என்பதுபோல் மடமடவென்று சொன்னார். "ஆடியில இதுவழியாத் தண்ணி எறங்கும். ஷீட்டத் தாங்குற பைப்பு துருவேறும். ரெண்டு வருசத்துல அந்த மூலை லொடலொடண்டு ஆயிரும். நீங்க பயந்தது அதுக்குத்தான. இன்னைக்கே அடைக்கணும். ஒங்க ஸ்க்ரூவத் தொட மாட்டேன், அது இருக்கும்."

சோணையம்மாள் அந்தப் புள்ளியை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார். அடைக்கும்போது நான் பார்க்க வேண்டும் என்றார், அவ்வளவுதான்.

ஷட்டரைத் தூக்கினார்கள். சுருளிராஜன் தானே ஏறினார். ஏணி முனகியது, ஆனால் தாங்கியது. அந்த ஓட்டையில் ரப்பர் வாஷரோடு ஒரு ஸ்க்ரூவை இறக்கி, சுற்றிலும் சிலிக்கான் பூசி, கட்டைவிரலால் வழித்துவிட்டார். கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த யுவராணி ஃபைலில் ஏதோ எழுதி மூடினாள். அவர் மூச்சு வாங்க இறங்கி வந்ததும், "இந்த முடியாதுங்கிறத அந்தத் தென்னமரத்துக்காரர்கிட்டயும் சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றாள். ராயப்பன்பட்டிக்குத் திங்கள்கிழமை வந்து அளவு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

பாண்டீஸ்வரன் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். கட்டப்பனைக்காரர் காலையிலிருந்து ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டார், என்ன சொல்லட்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"வர முடியாதுண்டு சொல்லுடா."

"இது ரெண்டாவது மச்சான்" என்றான் பாண்டீஸ்வரன். "ஒரே நாள்ல ரொம்ப வேணாம். ஒடம்பு தாங்காது."

அன்றைக்கு வீட்டில் சுருளிராஜன் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். குழம்பு முருங்கைக்காய்தான்.