கிரீனிச் பந்தும் இரண்டு ஜப்பான் மணிக்கூடுகளும்

ஒரு வருடம் வேலையில்லாமல் இருந்த அண்ணை, திங்கட்கிழமை பஸ் ஓட்டுநராகச் சேர இருந்தார். முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. பிந்தினால் பஸ்ஸை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்களாம். என்னிடம் இரண்டு ஜப்பான் கைமணிக்கூடுகள் இருந்தன: பற்றரியில் ஓடும் டிஜிட்டல் ஒன்று, கை அசைவிலேயே முறுக்கேறும் முள் மணிக்கூடு ஒன்று. சரியாக ஓடுவது அவருக்கு, மற்றது எனக்கு. அண்ணைக்கு முள்ளில்தான் ஆசை.

அதற்கு ஒன்பது நாள் முன்பு, சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு இரண்டையும் நொடி பிசகாமல் வைத்து (நின்றிருந்த முள் மணிக்கூட்டைச் சரியாக அந்த நொடியில் அசைத்து ஓடவிட்டேன்), ஒரு வாரம் கட்டித் திரிந்தேன். முடிவைத் தொலைபேசியிலேயே பார்த்திருக்கலாம். ஆனால் கிரீனிச் வானாய்வகக் கூரையில் தினமும் சரியாக ஒரு மணிக்கு, நேரம் காட்டுவதற்கென்றே ஒரு சிவப்புப் பந்து கம்பத்தில் விழும்போது, வீட்டில் இருந்து என்ன செய்வது?

மறு சனிக்கிழமை, வீட்டுக்குப் பக்கத்து நிலையமான மோர்டனில் 10.50க்கு ரயில் ஏறினோம். பாங்க் நிலையத்தில் டிஎல்ஆர் என்னும் சிறு ரயிலுக்கு மாறி, 12.05க்குக் கிரீனிச். மலை உச்சிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு; கடைசிப் பகுதி செங்குத்து. இரண்டு காப்பி ஏழு பவுண்ட் இருபது பென்ஸ். மணிக்கூடுகள் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. பந்து உச்சிக்கு ஏறும்வரை பார்ப்பதில்லை என்பது ஒப்பந்தம்.

12.55க்குப் பந்து பாதிக் கம்பம் ஏறியது. 12.58க்கு உச்சி. பெட்டியைத் திறந்தேன்.

"எடியே, இதில ஒண்டு மூண்டு ஆகுது," என்றார் அண்ணை, முள் மணிக்கூட்டைப் பிடித்தபடி. "பந்து பிந்திட்டுது போல."

பந்து விழுந்தது. என் கையில் டிஜிட்டல் ஒரு நொடி பின்னால் நின்றது. அண்ணையின் கையில் முள் மணிக்கூடு ஐந்து நிமிடமும் பதினொரு நொடியும் முன்னால் ஓடியது. அவர் முகம் வாடிவிட்டது. எனக்குச் சந்தேகம் தட்டி, அம்மாவை அழைத்தேன்.

"ஓம், காலமை நீ குளிக்கேக்க நான்தான் அஞ்சு நிமிசம் கூட்டி வைச்சனான். வீட்டில எல்லாத்தையும் அப்பிடித்தானே வைக்கிறனான்? மற்றதையும் கூட்டப் பாத்தன். எந்தப் பட்டனை அமத்தினாலும் கத்துது."

முள் மணிக்கூடு, நேரம் மாற்றப் பக்கத்துத் திருகியை இழுத்தாலும் நொடிமுள் நிற்காத ரகம்; அம்மா நகர்த்தியது நிமிடமுள்ளை மட்டும். ஆகவே மணிக்கூட்டின் சொந்தப் பிழை அந்தப் பதினொரு நொடி மட்டுமே. பற்றரி இல்லை, நான் கோப்பை கழுவியதும் படியேறியதும்தான் அதற்குச் சாப்பாடு. ஆறு இலட்சத்து நாலாயிரத்து எண்ணூறு நொடிகளில் பதினொன்று! அந்த மலையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகக்கண் அளவு சக்கரங்கள் எப்படி இதைச் செய்கின்றன என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

"டிஜிட்டலை எனக்குத் தா," என்றார் அண்ணை. "அம்மாவால கூட்ட ஏலாத மணிக்கூடு வீட்டில இது ஒண்டுதான்."

போக நினைப்பவர்களுக்கு: பந்தைப் பூங்காவில் நின்றே இலவசமாகப் பார்க்கலாம். 12.45க்கே இடம் பிடியுங்கள். பலத்த காற்றென்றால் பந்தை ஏற்றமாட்டார்கள். பந்து விழத் தொடங்கும் கணம்தான் ஒரு மணி, கீழே வந்து சேரும் கணம் அல்ல.

திங்கள் காலை 5.38க்கு அண்ணையின் குறுஞ்செய்தி வந்தது: "வந்திட்டன். எனக்கு முதல் ஒருத்தரும் வரேல்லை."