மணிலா கேட்ட பெர்னார்ட்

பெர்னார்ட் பத்தாங்கட்டைத் தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டினான். சுங்கை சிப்புட் டவுனிலிருந்து செம்மண் ரோட்டில் உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டம் அது. 1973-இல், மனைவி இருதயமேரி தமிழ்ப் பாட்டு கேட்கட்டும் என்று ஈப்போவில் ஒரு ட்ரான்சிஸ்டர் வாங்கி வந்தான். செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரியது, தோலுறை போட்டது.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், பாட்டு சரியாக வரவில்லையே என்று அதைக் கையில் எடுத்துத் திருப்பினான். வழக்கமான நிலையம் அமுங்கியது. அதன் அடியிலிருந்து வேறொரு குரல் எழுந்தது. ஒரு பெண் ஆங்கிலத்தில் செய்தி வாசித்தாள். ஈப்போ மிஷன் பள்ளியில் மூன்றாம் பாரம் வரை படித்த ஆங்கிலம் அவனுக்குக் கைகொடுத்தது. "மணிலா" என்றாள். பெர்னார்ட் பெட்டியைப் பிடித்த கையை அசைக்காமல் அப்படியே நின்றான். மூச்சுவிட்டால் அவள் போய்விடுவாள் என்று பயந்ததாகப் பிறகு சொன்னான்.

அதற்குப் பிறகு மாலை ஆனால் அவனை வீட்டில் பார்க்க முடியாது. தோட்டத்து ஜெனரேட்டரின் இரைச்சல் எட்டாத இடமாகப் பார்த்து, பந்துத் திடலின் கோடியில் போய் உட்கார்ந்துவிடுவான். வெளிச்சம் மங்க மங்கத் தூரத்து நிலையங்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். பாங்காக், சைகோன், கல்கத்தா. ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைக்கூண்டில் வேலை பார்த்த மாயாண்டி முதலில் வேடிக்கை பார்க்க வந்தான். பிறகு அவனும் ஒரு ட்ரான்சிஸ்டர் வாங்கினான்.

"இதக் கேட்டு என்னா அண்ணே கெடைக்கும்?" என்று ஒருநாள் கேட்டான்.

"ஒண்ணும் கெடைக்காதுலா. அங்க இப்ப மழ பெய்யுதாம்."

மாயாண்டிக்கு அது போதுமானதாக இருந்தது. இருவரும் அந்த மழையைக் கேட்டார்கள்.

பெர்னார்ட் பலகைப் பெட்டியைப் பிரித்து ஒரு சட்டம் செய்து, அதில் செப்புக் கம்பியை வரிவரியாகச் சுற்றினான். ட்ரான்சிஸ்டரை அதன் பக்கத்தில் வைத்தால் மெல்லிய குரல்கூடத் தெளிந்து வரும். எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன கேட்டது என்று அந்தந்த நிலையத்துக்கு எழுதிப் போட்டால், ஆமாம், அது நாங்கள்தான் என்று வண்ண அட்டை ஒன்று வரும். அட்டைகளை மேரி வீட்டுச் சுவரில் மாதா படத்தைச் சுற்றி ஒட்டினாள்.

அவளுக்கு அதில் பெருமை. தண்ணீர்க் குழாயடியில் ஒருநாள் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள், "என்னா மேரி, ஒன் புருஷன் எந்நேரமும் அந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழுவுறாரு?" என்று சிரித்தாள். மற்றப் பெண்களும் சிரித்தார்கள். மேரிக்குப் பொறுக்கவில்லை.

"அவரு வெளிநாட்டோட பேசுறவரு அக்கா. மணிலாவுலருந்து அவரு பேருக்குப் பதில் வருது. ஒங்க வூட்டுக்கு யாரு எழுதுறா?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

1976-இல் காட்டில் மறுபடியும் கம்யூனிஸ்டுகளின் நடமாட்டம் என்றார்கள். தோட்டத்தில் ஊரடங்கு போட்டார்கள். ஆறு மணிக்குமேல் யாரும் திடலுக்குப் போகக் கூடாது. பெர்னார்ட் கம்பிச் சட்டத்தைப் பின்வாசலுக்குக் கொண்டுவந்து அங்கேயே கேட்டான். மழைக்காலத் தொடக்கத்தில், தோட்டத்து எல்லையில் ராணுவ வண்டி ஒன்று வெடியில் சிக்கி இரண்டு பேர் இறந்தார்கள். அந்த வாரமே சாதாரண உடையில் போலீஸ்காரர்கள் சிலர் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வந்தார்கள். மேரி தான் மரம் சீவிச் சேர்த்த ரப்பர் பாலை நிறுக்கப் போயிருந்தாள். அவள் ஓடி வருவதற்குள் ட்ரான்சிஸ்டர், கம்பிச் சட்டம், சுவரிலிருந்து கிழித்த அட்டைகள், பெர்னார்ட் எல்லாம் ஜீப்பில் ஏறியாகிவிட்டது. மாதா படம் கோணலாகத் தொங்கியது. காய்ச்சலோடு படுத்திருந்த எட்டு வயது மகள் எல்ஸி, "மாத்தா வந்து அப்பாவப் புடிச்சிக்கிட்டாங்கம்மா" என்று அழுதாள். போலீசை லயத்தில் மாத்தா என்பார்கள்.

விசாரித்தவர்களில் ஒருவர் தமிழர். "பேசுற மிஷின் எங்க?" என்றுதான் தொடங்கினார்.

"இது கேக்கத்தான் சார் முடியும். பேச முடியாது."

"ஒன் பெண்டாட்டியே சொல்லிருக்கா, நீ வெளிநாட்டோட பேசுறேன்னு. லயமே சொல்லுது."

மேரி அதை எங்கே சொல்லியிருப்பாள், எந்தக் குரலில் சொல்லியிருப்பாள் என்பது பெர்னார்டுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"கேக்குறதுக்கு எதுக்கு இவ்வளவு கம்பி?"

"தூரத்துல உள்ளது கேக்கணும்னா…"

"தூரத்துல ஒனக்கு என்னா வேல?"

எத்தனை முறை யோசித்தும், அவர்கள் ஏற்றுக்கொள்ளும்படியான ஒரு பதில் கிடைக்கவில்லை. பேசாமல் நின்றதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். கன்னத்தோடு சேர்த்து விழுந்த அறைகளில் ஒன்று இடது காதைக் கொண்டுபோனது. அந்தக் காதில் ஓர் இரைச்சல் மட்டும் தங்கியது. நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் ஊசியை வைத்தால் வருமே, அதே இரைச்சல்.

வழக்கு, கோர்ட் எதுவும் இல்லை. தடுப்பு முகாமில் இரண்டு வருடம் வைத்திருந்தார்கள். முதல்முறை பார்க்க அனுமதித்தபோது மேரி கம்பி வலைக்கு அப்பால் நின்று, "அன்னைக்குக் கொழாயடியில நான்தான்…" என்று ஆரம்பித்தாள்.

"எல்ஸிக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?" என்று பெர்னார்ட் கேட்டான். அது விட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவள் மறுபடி எடுத்தபோது, "சாப்பாடெல்லாம் பரவால்ல, மேரி" என்றான். அவன் அதைக் கேட்கத் தயாராக இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. அந்தப் பேச்சை அவள் பிறகு எடுக்கவே இல்லை.

தோட்டத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மேரி மகளோடு ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஓர் அறை எடுத்து, கடலை வறுத்து, முறுக்கு சுட்டு விற்கும் வீட்டில் அடுப்படி வேலைக்குச் சேர்ந்தாள். 1978-இல் பெர்னார்டை விட்டார்கள். இருட்டினால் வெளியே போகக் கூடாது, வாராவாரம் போலீஸ் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று கட்டளை. பாசார் சந்தையில் மூட்டை தூக்கினான். யாராவது இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டான். தலைக்கனம் பிடித்தவன் என்று பேர் வந்தது.

அந்தக் கட்டளைகள் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாயாண்டியைப் பார்க்கப் பஸ் ஏறிப் பத்தாங்கட்டைக்குப் போனான். பெர்னார்டைப் பிடித்த அன்றே மாயாண்டி தன் ட்ரான்சிஸ்டரைப் பால் கொட்டகைக் கழிவுக் குளத்தில் எறிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தான். அதற்காக அவனுக்கு வருத்தமில்லை. பார்த்தால் போதும் என்றுதான் போனான்.

மாயாண்டியின் மனைவி கதவைப் பாதி திறந்து, "அவரு வூட்டுல இல்லண்ணே" என்றாள். கதவுக்கும் தரைக்கும் நடுவில் மாயாண்டியின் கால்கள் தெரிந்தன.

"வந்தா கேட்டேன்னு சொல்லு" என்று கால்களுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் பெர்னார்ட் திரும்பினான்.

எல்ஸி நன்றாகப் படித்தாள். அரசாங்கத் தாதிப் பயிற்சிக்கு எழுதிப்போட்டாள்; நேர்முகத்துக்கும் கூப்பிட்டார்கள். சந்தோஷமாகத்தான் வந்தாள். பிறகு பதிலே இல்லை. அவளோடு போன மற்றப் பெண்களுக்கெல்லாம் வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டிலும் யாரும் யாரையும் கேட்கவில்லை. பெர்னார்ட் மூன்று நாள் பாசாருக்குப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எல்ஸி பினாங்குக்குப் போய் ஒரு மின்சாமான் ஃபேக்டரியில் சேர்ந்தாள்.

1986 கிறிஸ்துமஸுக்கு அவள் அப்பாவுக்கு ஒரு ட்ரான்சிஸ்டர் வாங்கி வந்தாள். கைக்கு அடக்கமானது. பெர்னார்ட் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். பேட்டரி போட்டான். உள்ளூர் மலாய் நிலையத்தில் ஊசியை வைத்து, சத்தத்தை முழுதாகக் கூட்டி, வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அடுத்த நாளும் அப்படியே. ஊசி அந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. தெருவில் போகிறவர்கள், "காதுதான் கேக்கலியே, பாவம்" என்றார்கள். வலது காது அவனுக்கு நன்றாகவே கேட்டது என்பது மேரிக்குத் தெரியும்.

எல்ஸி பினாங்குக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் மேரி போய்க் கதவைச் சாத்தினாள். சத்தத்தைக் குறைத்துவிட்டு அவன் எதிரில் நின்றாள்.

"இப்ப மணிலா வரும்ல? தேடுங்க. யாரும் பாக்கல."

பெர்னார்ட் பெட்டியை மடியில் எடுத்தான். கட்டைவிரல் சக்கரத்தின்மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு பெட்டியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனான். கதவைப் பழையபடி அகலத் திறந்தான்.

"தொறந்தே இருக்கட்டும், மேரி."

சத்தத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தான். நாளைக்குக் கிந்தா பக்கம் மழை என்று மலாயில் சொன்னார்கள். சைக்கிளில் போன பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பெர்னார்ட் அவருக்குக் கையைத் தூக்கிக் காட்டினான். மேரி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு வலப்பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.