ஜன்னலை மறைத்த மூட்டைகள்

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்த தயாவும் அவர் மனைவியும் பண்ணையிலேயே ஓர் அறையில் தங்கி வேலை செய்தார்கள். வேலையாட்களைத் தங்க வைக்க உரிமம் வேண்டும், நான் வாங்கவில்லை. ஆய்வுக்கு அதிகாரி வந்த அன்று, அவர்களுடைய பாயைச் சுருட்டி ஒளித்துவிட்டு, ஜன்னல் மறையத் தீவன மூட்டைகளை அடுக்கி, "இது குடோனுங்க" என்றேன். நம்பிப் போய்விட்டார். மூட்டைகளை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரமே மார்கழிக் குளிர் தாங்காமல், குஞ்சுகளுக்குச் சூடு காட்டும் கரி அடுப்பை அவர்கள் அறைக்குள் வைத்துக்கொண்டார்கள். விடிந்து வெகுநேரமாகியும் கதவு திறக்கவில்லை. உடைத்தேன். இருவரும் அசைவில்லாமல் கிடந்தார்கள்.

"கரிப்புகை வெளியே போக ஒரு ஜன்னல்கூட இல்லீங்களா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

மாலையில் கண் விழித்த தயா, என்னைப் பார்த்ததும் பதறி, "குஞ்சுக்குத் தீனி வெக்கலீங்க" என்றார்.

இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். இரண்டு ஜன்னல் வைத்து வேறு அறை கட்டினேன், உரிமமும் வாங்கிவிட்டேன். ஆனாலும் தினமும் காலையில் கொட்டகைக்குப் போகுமுன் அவர்கள் கதவைத் தட்டுகிறேன். உள்ளேயிருந்து "வாரேனுங்க" என்று குரல் வரும்வரை என் கையை அந்தக் கதவிலிருந்து எடுப்பதில்லை.