கன்னத்தில் ஒரு சுக்கான்

வெற்றிலை வலது கன்னத்தில் புடைத்திருந்தால் நாறும்பூநாதன் அண்ணாச்சியிடம் எதுவும் கேட்காதீர்கள். இடது கன்னத்தில் புடைத்திருந்தாலும் கேட்காதீர்கள். பதில் வராது. தென்காசி ரத வீதியில் கடிகாரம் பழுது பார்க்கிற கடை அவருடையது. அலாரம் டைம்பீஸைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் அவர் வாயைப் பார்ப்பார்கள். வெற்றிலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இடம் மாறிக்கொண்டிருந்தால், பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். மேசைக்கு அடியில் ஒரு பழைய அழைப்புமணிப் பொத்தான் இருக்கிறது. அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, அண்ணாச்சி மனசுக்குள் படகு ஓட்டிக்கொண்டிருப்பார்.

நிஜப் படகும் உண்டு. முழ நீளம் இருக்கும், கல்யாண முருங்கைக் கட்டையைக் குடைந்து அவரே செய்தது. உள்ளே ஒரு சின்ன மோட்டார், பாட்டரி, ரேடியோ அலையை வாங்கிக்கொள்ளும் ஒரு பெட்டி. கரையில் நிற்கிற அண்ணாச்சி கையில் பிஸ்கட் டின்னுக்குள் அடைத்த இன்னொரு பெட்டி. அதிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு கம்பி. அவர் இங்கே பொத்தானை அழுத்தினால் நடுக்குளத்தில் படகு திரும்பும். யுத்த காலத்தில் ராணுவ சிக்னல் பிரிவில் இருந்தவருக்கு இந்த வித்தை புதிதில்லை. ஆனால் குற்றாலத்துச் சாரலுக்கு சிக்னல் பிரிவென்றெல்லாம் மரியாதை தெரியாது. அதனால் சீசன் கடையில் பலூன் வாங்கி, படகிலுள்ள பெட்டியை அதற்குள் திணித்து வாயைக் கட்டிவிடுவார். படகின் மூடியைத் திறந்தால் பச்சை பலூன் ஒன்று தொப்பையும் தானுமாக உட்கார்ந்திருக்கும்.

தொல்லையெல்லாம் அந்தப் பொத்தானில்தான். ஒரு தடவை அழுத்தினால் படகு வலது பக்கம் திரும்பும். விட்டால் நேரே போகும். அடுத்த தடவை அழுத்தினால் இடது பக்கம். இப்படி மாறி மாறித்தான் வரும். ஒரே பக்கம் மறுபடியும் திரும்ப வேண்டுமென்றால் நடுவில் சட்டென்று ஒரு வெற்றுத் தட்டு தட்டியாக வேண்டும். கடைசியாகத் திரும்பியது எந்தப் பக்கம் என்று மறந்தால் தொலைந்தது. இதற்கு அண்ணாச்சி கண்டுபிடித்த வழிதான் வெற்றிலை. அடுத்த திருப்பம் எந்தப் பக்கமோ அந்தக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். ஒவ்வோர் அழுத்தலுக்கும் கன்னம் மாற்றுவார். "மூளைய நம்ப முடியாது வே, அது கண்டதையும் யோசிக்கும். நாக்கு அப்படியில்ல," என்பார்.

அறுபத்து மூன்றாம் வருஷ சீசனில் இலஞ்சிக் குளத்தில் முதல் போட்டி நடந்தது. படகுகளை ஒவ்வொன்றாகத்தான் விடுவார்கள். சேர்த்து விட்டால் ஒருவருடைய அலை இன்னொருவர் படகைத் திருப்பிவிடும். தண்ணீரில் நட்ட மூங்கில் கழிகளைத் தொடாமல் வளைந்து வளைந்து போய், சீக்கிரம் கரை திரும்புகிறவருக்கு வெள்ளிக் கோப்பை. அண்ணாச்சியின் படகு அழகாகப் போய்க்கொண்டிருந்தது. வருஷா வருஷம் அருவியில் குளிக்க வரும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர்தான் தலைமை. அவர், "உமக்கு எந்த ஊர் ஓய்?" என்று அன்பாகக் கேட்டார். பெரிய மனுஷர் கேட்டால் சும்மா இருக்கலாமா? அண்ணாச்சி ஓரமாகத் துப்பிவிட்டு, "தென்காசிதான் அய்யா" என்றார். வெற்றிலையோடு கணக்கும் போயிற்று. அடுத்த அழுத்தலில் படகு நேரெதிர்ப் பக்கம் திரும்பி, குளத்தில் கிடந்த எருமை ஒன்றின் விலாவில் முட்டி நின்றது. "எருமைக்கு ஒண்ணும் ஆவலியே அண்ணாச்சி?" என்று விசாரிக்காத ஆள் தென்காசியில் இல்லை. நானும் விசாரித்தேன்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். பிஸ்கட் டின்னுக்குள் இருந்த கண்ணாடி வால்வு வீட்டு ரேடியோவிலிருந்து கழற்றியது. தெருவுக்கே அந்த ஒரு ரேடியோதான். இலங்கை வானொலியில் பாட்டு கேட்க வழியில்லாமல் போன கோபத்தில், அடுத்த வீட்டு மூக்கம்மாள் தலைமையில் பெண்கள் எல்லாரும் அவர் மனைவி பேராச்சி மதினியைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த சீசன் வந்ததும் மதினி முடிவாகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவயும் தோத்துட்டு வந்தியன்னா, அந்த வால்வக் கழத்தி ரேடியோவுல மாட்டிரணும், பாத்துக்கிடுங்க. படகு அடுப்புக்குத்தான்."

அண்ணாச்சிக்கு எதிரி என்று சொன்னால் கடையநல்லூர் துல்கர்னைன்தான். ஜவுளி வியாபாரி, தங்கமான மனுஷர், சிங்கப்பூரிலிருந்து வந்த படகு. இரண்டாம் வருஷப் போட்டியன்று அது வழுக்கிக்கொண்டு போய், ஒரு கழியையும் தொடாமல் திரும்பி வந்தது. அவர் கரைக்கு வந்து, "எருமையெல்லாம் கரையேத்தியாச்சு அண்ணாச்சி, தைரியமா விடுங்க!" என்றார். அண்ணாச்சி முறைத்தார். வெற்றிலை ஏற்கெனவே வலது கன்னத்துக்குப் போயிருந்தது.

படகு கிளம்பியது. செங்கோட்டைப் பக்கமிருந்து சாரலோடு காற்று தள்ளியது. அண்ணாச்சி இன்று அதைப் புயல் என்கிறார். தன்னடக்கம் அவரிடம் மருந்துக்கும் கிடையாது. நான் பார்த்தது காற்றுதான், ஆனால் நல்ல காற்று. பாதிக் கழிகளைக் கடந்தபோது நீதிபதி எழுந்து பக்கத்தில் வந்தார். "போன வருஷம் வந்தவர்தானே நீர்?" அண்ணாச்சி பொத்தானை அழுத்தி, வெற்றிலையைக் கன்னம் மாற்றினார். "ஓய், உம்மைத்தான்!" குரல் ஏறியது. கமிட்டிக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். அண்ணாச்சியின் நெற்றியில் அந்தச் சாரலிலும் வியர்வை. வாயைத் திறந்தால் படகு அடுப்புக்குப் போகும். திறக்காவிட்டால் அவமரியாதை என்று போட்டியிலிருந்தே தள்ளிவிடுவார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நீதிபதியிடம் ஓடிப்போய், "அவருக்குக் காது கேக்காதுங்கய்யா" என்று சொல்லிவிட்டேன். "அடடா" என்று அவர் மனமிரங்கி உட்கார்ந்தார்.

கடைசிக் கழியில் இடது பக்கம் திரும்ப வேண்டும். வெற்றிலையோ வலது கன்னத்தில் இருந்தது. பொத்தானில் ஒரு வெற்றுத் தட்டு விழுந்தது; படகு லேசாகச் சிலிர்த்தது; வெற்றிலை இடது கன்னத்துக்குப் போயிற்று. அப்புறம் அழுத்திப் பிடித்தார். கழிக்கும் படகுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது, அப்படி ஒட்டி வளைந்து கரையைப் பார்த்து வந்தது. கடிகாரம் பிடித்தவர் அண்ணாச்சி பெயரைச் சொன்னதும் குளக்கரையே கூவியது. முதலில் ஓடி வந்து அவரைத் தூக்கியவர் துல்கர்னைன்தான்.

நீதிபதி கோப்பையைக் கொடுக்கும்போது அவர் காதருகே குனிந்து, "பிரமாதம் ஓய்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அண்ணாச்சி துப்பிவிட்டு வந்து, "காது நல்லாக் கேக்குது அய்யா. வாயிலதான் படகு நின்னுது" என்றார்.

சாரல் வலுத்தது. கூட்டத்தில் நின்ற மூக்கம்மாள் ஆசையாக, "மதினி, செயிச்சாச்சுல்லா, இனி ரேடியோ பாடுமா?" என்று கேட்டாள்.

"அது கெடக்கு ஏட்டி," என்றார் பேராச்சி மதினி. தண்ணீரில் இறங்கிப் படகைத் தூக்கி முந்தானையால் துடைத்தார். பிறகு குடையை விரித்துப் படகுக்குப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். வெள்ளிக் கோப்பையோடு அண்ணாச்சி நனைந்துகொண்டே பின்னால் போனார்.