மவ்ரோலிதியின் பின்கதவு

மவ்ரோலிதிக் கோட்டையில் எல்லோரும் கிரன்னா சுட்ட ரொட்டியைத்தான் தின்றார்கள். அதைப் பழித்தவர் அவளுடைய மாமனார் ஸ்டிலியன் ஒருவர்தான். கண் தெரியாத அந்தக் கிழவர் மென்றுகொண்டே வைவார்.

"என் மகன் ஃபிராங்குக்காரன் எறிஞ்ச கல்லால செத்தான்னு சொல்றாங்க. எனக்கென்னமோ உன் ரொட்டிமேலதான் சந்தேகம்."

"அப்ப உங்களுக்கு இன்னும் ரெண்டு துண்டு வைக்கிறேன் மாமா."

மேற்கிலிருந்து கடல் கடந்து வந்த ஃபிராங்குகள் கோட்டை மலையை வளைத்த முதல் வாரத்திலேயே அவர்களுடைய கல்லெறி பொறி அவள் கணவன் மனுவேலைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. கிடைத்ததை மாவுச் சாக்கில் கட்டிப் புதைத்தாள். மறுநாள் காலை அடுப்பு மூட்டினாள்.

ஐந்தாம் மாதம் கோட்டையின் மழைநீர்த் தொட்டியில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கியது. கோட்டைத் தலைவன் கெராமிஸ் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தினான். வேலும் பிடிக்க முடியாமல் வேலையும் செய்ய முடியாமல் இருந்த நாற்பத்து மூன்று பேரைப் பின்கதவு வழியாக வெளியே தள்ளிப் பூட்டினான். எதிரி இரக்கப்பட்டு வழிவிடுவான் என்றான். எதிரி ஈட்டியை நீட்டி அவர்களை மேலே விரட்டினான். சுவருக்கும் ஈட்டிக்கும் நடுவே, முள்ளுச் சரிவில், அவர்கள் புல்லைப் பிடுங்கித் தின்றபடி கிடந்தார்கள். ஸ்டிலியனும் அங்கேதான் கிடந்தார்.

மூன்றாம் நாள் கிரன்னா சுவரிலிருந்து ஆறு ரொட்டிகளை வீசினாள். கீழேயிருந்து கிழவரின் குரல் வந்தது.

"கிரன்னா! ஒண்ணை ஃபிராங்குக்காரன் மண்டையில எறிஞ்சோம். ஆள் காலி!"

சுவர்மேல் நின்ற வீரர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு கெராமிஸின் காதுக்குப் போனது. அவன் அவளை மாவு பிசையும் பலகைக்கு இழுத்து வந்தான்.

"இடது கையை வை. வலது கை எங்களுக்கு வேணும்."

இரண்டு விரல்களை வெட்டினான். அவள் அலறவில்லை. ரத்தத்தை நிறுத்த அடுப்பின் சூடான இரும்பில் கையை வைத்துத் தீய்த்துக்கொண்ட பிறகுதான் அலறினாள்.

ஒன்பதாம் நாள் காலை கெராமிஸ் தனியாக அடுப்பறைக்கு வந்தான். வெளியே குழந்தை ஒன்று கீச்சுக்குரலில் ஓயாமல் அழுதுகொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டு நாள். அப்புறம் இந்தச் சத்தம் அடங்கிடும்," என்று சொல்லி, சூடான ரொட்டி ஒன்றை எடுக்கக் குனிந்தான்.

கிரன்னா தணல் வாரும் இரும்புக் கம்பியால் அவன் பிடரியில் அடித்தாள். அவன் விழவில்லை. திரும்பி அவள் கழுத்தைப் பிடித்தான். இரண்டாம் அடியில் தாடை பிளந்தது. அதற்குப் பிறகு விழுந்த அடிகளை அவள் எண்ணவில்லை. செத்துக் கிடந்தவன் இடுப்பிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டு பின்கதவுக்கு ஓடினாள்.

அங்கே பார்தாஸ் என்ற இளம் காவலன் நின்றான்.

"யக்கா, வேணாம். கீழ அவனுங்க பார்த்துக்கிட்டே இருக்கானுங்க."

"உங்கம்மா அங்க கெடக்கா, பார்தா."

அவன் ஒதுங்கி நின்றான். அவள் பூட்டைத் திறந்தாள்.

உயிரோடிருந்தவர்கள் பத்தொன்பது பேர். தவழ்ந்தும் ஒருவரையொருவர் இழுத்தும் வந்தார்கள். ஃபிராங்குகளும் பார்த்துவிட்டார்கள். பாதிப் பேர் உள்ளே வருவதற்குள் இரும்புத் தொப்பிகள் சரிவில் ஏறி வந்தன. "சாத்துடா!" என்று மேலிருந்து கத்தினார்கள். பார்தாஸின் தாய் வாசற்படியில் பாதி உள்ளும் பாதி வெளியுமாகக் கிடந்தாள். அவள்மேல் கதவைச் சாத்த அவனால் முடியவில்லை. ஈட்டி அவன் வயிற்றில் ஏறியது.

உச்சிவேளைக்குள் முற்றத்தில் பிணங்களுக்கு நடுவே காலூன்ற இடமில்லை. தேவாலயத்துக்குள் ஒளிந்தவர்களை ஃபிராங்குகள் அங்கேயே வெட்டினார்கள். கிரன்னா, தவழ்ந்து உள்ளே வந்திருந்த மாமனாரை அடுப்பறைக்குள் இழுத்துப் போட்டு வாசலில் கம்பியோடு நின்றாள். முதலில் நுழைந்தவனின் மூக்கை உடைத்தாள். அடுத்து வந்தவன் ஐந்து மாதமாகப் புளித்த கஞ்சி குடித்தவன். அடுப்பிலிருந்த ரொட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வாளைத் தாழ்த்தினான். அவர்களுக்கும் ரொட்டி சுட ஆள் வேண்டியிருந்தது.

பதினோரு ஆண்டுகள் அவள் அவர்களுக்குச் சுட்டாள். ஸ்டிலியன் அதில் நான்கு ஆண்டுகள் இருந்து, கடைசி நாள்வரை வைதுவிட்டுச் செத்தார். பிறகு ஃபிராங்குகள் கடலோரக் கோட்டைக்குக் குடிபெயர்ந்தார்கள். போகும்போது மவ்ரோலிதியின் சுவர்களைத் தோண்டிச் சரித்து, கூரைகளுக்குத் தீ வைத்தார்கள்.

கிரன்னா பள்ளத்தாக்கில் இறங்கி அடுப்புக் கட்டினாள். சரிவில் பிழைத்தவர்கள் தங்கள் பெண் பிள்ளைகளுக்கு அவள் பெயரை வைத்தார்கள். கோட்டைக்குள் தங்கள் ஆட்களை இழந்தவர்கள் அவள் நிழலைக்கூட மிதிக்கவில்லை. பார்தாஸின் மனைவி தமியானி மட்டும் ஏசு உயிர்த்தெழுந்த திருநாள் ஒவ்வொன்றிலும் வந்து அடுப்புக்கு முன்னால் நிற்பாள்.

"என் புருஷனைக் கொன்னது நீதான்டீ."

"ஆமா," என்பாள் கிரன்னா.

ஒரு வருடம் தமியானி வரவில்லை. காய்ச்சலில் கிடக்கிறாள் என்று தெரிந்ததும் கிரன்னா போய் மூன்று வாரம் அவளுக்குக் கஞ்சி ஊட்டினாள், துணி மாற்றினாள்.

அடுத்த திருநாளுக்குத் தமியானி வந்தாள். வழக்கமான வார்த்தையைச் சொன்னாள். கிரன்னாவும் ஆமாம் என்றாள். அதன் பிறகு தமியானி திரும்பிப் போகாமல், விறகுக் கட்டைமேல் உட்கார்ந்து, எனக்கும் ஒரு ரொட்டி கொடு என்று கை நீட்டினாள்.