கலங்கலுக்கு ஏது கிழக்கு

கோகிலவாணிக்குத் தான் பாடம் எடுக்கும் ஏழாம் வகுப்புதான் உயிர். அந்த வகுப்புதான் கையை விட்டுப் போகவிருந்தது.

குரோம்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். பி.எட். முடிப்பதற்கு முன்னால் மருத்துவக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தார். டாக்டர் எழுதியது, ஆஸ்பத்திரி எழுதியது, நோயாளி எழுதியது என்று ஒவ்வொரு கோப்பிலும் பல கதைகள் இருக்கும். எல்லாவற்றையும் படித்துவிட்டு, உண்மையில் நடந்தது என்ன என்று நாலு வரி எழுத வேண்டும். எந்தக் காகிதத்திலும் அந்த நாலு வரி அப்படியே இருக்காது. சேலையூரில் இந்தப் பள்ளிக்குத் தமிழாசிரியையாக வந்த பிறகு அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ‘தொகுத்து எழுதுக’ என்றால் பிள்ளைகள் முதல் பத்தியில் இரண்டு வரி, அடுத்ததில் இரண்டு வரி என்று பிய்த்து ஒட்டுவார்கள். அப்படி ஒட்டியதற்கு அவர் மதிப்பெண் போடுவதில்லை.

தீபாவுக்கும் போடவில்லை. அவளுடைய அப்பா சிட்டிபாபு, ஏரியோர நிலங்களை மனை போட்டு விற்கும் உள்ளூர்க்காரர், நேரே தலைமையாசிரியர் அறைக்கு வந்துவிட்டார்.

“இன்னா சார் இது? புக்ல கீறத அப்டியே எழுதினா முட்டை. புக்ல இல்லாதத எழுதினா மார்க்கா?”

தலைமையாசிரியர் சவுரிமுத்து சண்டையை விரும்பாதவர். “வெள்ளிக்கிழமை நீங்களே வகுப்புல வந்து உட்காருங்க சார். சரியா வரலன்னா, மிஸ்ஸை மூணாம் வகுப்புக்கு மாத்திடறேன்,” என்றார். கோகிலவாணியிடமும் அதையேதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சிட்டிபாபுவும் தலைமையாசிரியரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெஞ்சு சிட்டிபாபுவுக்குப் போதவில்லை. கோகிலவாணி மூன்று துண்டுக் காகிதங்களைக் கொடுத்திருந்தார். மூன்றும் ஒரே ஏரியைப் பற்றியவை. ஊர்ப்பெயர், ஃபோன் நம்பர் எல்லாம் கறுப்பு மையால் அடித்திருந்தார். ஒன்று, பழைய விவசாயி ஒருவரின் பேட்டி: ‘ஏரி நிறைஞ்சா கலங்கல் போகும். அது போற வழியில நாங்க களம்கூட வெச்சதில்ல.’ இன்னொன்று செய்தி: ‘மழையில் கலங்கலுக்குக் கிழக்கே உள்ள தெருக்களில் தண்ணீர் புகுந்தது.’ மூன்றாவது மனை விளம்பரம்: ‘ஏரிக்குக் கிழக்கே, ஏரிக்காற்று வீசும் வீட்டுமனைகள்!’

பலகையில் அருஞ்சொற்பொருள் எழுதிப் போட்டார்: கலங்கல் – கலங்கிய நீர்.

பிள்ளைகள் மூன்றையும் தொகுத்து எழுதினார்கள். முதலில் எழுந்தவன் ஹரிபிரசாத். “ஏரித் தண்ணி அழுக்கா இருக்கு மிஸ். ஆனா காத்து நல்லா இருக்கு.”

வகுப்பு சிரித்தது. சிட்டிபாபு தலைமையாசிரியரைத் திரும்பிப் பார்த்தார்.

ஜாஸ்மின் கை தூக்கினாள். “மிஸ், கலங்கலுக்குக் கிழக்கேன்னு போட்டிருக்கு. கலங்கின தண்ணிக்கு ஏது மிஸ் கிழக்கு?”

கோகிலவாணி செய்தித் துண்டை எடுத்து மறுபடி படித்தார். பேட்டியைப் படித்தபோது மனதில் விழுந்த ‘கலங்கிய நீர்’ என்ற பொருளோடேயே இதையும் படித்துவிட்டிருந்தார். ஒட்டிவிட்டது அவர்தான், பிள்ளைகள் இல்லை.

“அப்போ கலங்கல்னா என்ன?” என்று கேட்டார்.

“ஏதோ ஒரு இடம் மிஸ். ஏரி நிறைஞ்சா அது வழியா தண்ணி வெளிய போகும் போல.”

“தெரிஞ்சு சொல்றியா?”

“இல்ல மிஸ். ரெண்டு பேப்பரையும் வெச்சுப் பார்த்தா அப்படித்தான் வருது.”

கோகிலவாணி பலகையில் எழுதியிருந்த பொருளை அழித்தார். தலைமையாசிரியர் சிட்டிபாபு பக்கம் குனிந்து, “சார், நீங்க உள்ளூர். அந்தப் பொண்ணு சொல்றது சரியா?” என்று கேட்டார்.

“ஏரி ரொம்பினா வழியிற எடம் சார் அது. எங்களுக்குத் தெரியாதா?” சிட்டிபாபுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குள் தீபா எழுந்து நின்றாள். அப்பா இருக்கும் பக்கம் பார்க்கவில்லை. “மிஸ், தண்ணி கிழக்கதான் போகுது. மனையும் கிழக்கதான் போட்டிருக்காங்க. அங்க வீடு கட்டினா ஏரி நிறையும்போது வீட்டுக்குள்ள தண்ணி வரும்.”

“எந்தப் பேப்பர்ல அப்டி போட்டுக்குது?” கடைசி பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது.

“எதுலயும் போடலப்பா. மூணையும் சேர்த்தாதான் வருது.”

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிட்டிபாபு விளம்பரத் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கறுப்பு மைக்கு அடியில் எதுவும் தெரிகிறதா என்று பார்த்தார்.

“இந்த நோட்டீஸு உங்களுக்கு எங்க கெடச்சிது மிஸ்?”

“என் வண்டிக் கூடையில யாரோ போட்டுட்டுப் போனாங்க சார்.”

அவர் பெஞ்சிலிருந்து சிரமப்பட்டு எழுந்து வெளியே போனார். சவுரிமுத்து வாசல்வரை போய்த் திரும்பினார்.

“பொருள் எழுதறதுக்கு முன்னாடி அகராதியைப் பாருங்க மிஸ்.”

“பார்க்கிறேன் சார்.”

“மூணாம் வகுப்புக்கு நான் வேற ஆளைத் தேடிக்கிறேன்.”

கோகிலவாணி தலையாட்டினார். சாக்பீஸை ஜாஸ்மினிடம் கொடுத்து, கலங்கலுக்கு அவள் கண்ட பொருளைப் பலகையில் எழுதச் சொன்னார்.